நாயிற் கடையாய்க் கிடந்த நாட்கள்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
மாசி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதும் கடிதம். நான் நலமாக இருக்கிறேன். இங்குள்ள கோயிலில் என் சுதைச் சிற்ப வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் முழங்கால் வலியும் இரவு இருமலும் இப்போது எப்படி இருக்கின்றன என்பதைத் தம்பியை விட்டு எழுதச் சொல்லுங்கள். தொலைபேசியில் நான் பேசுவது உங்கள் காதில் சரியாக விழுவதில்லை; இப்போது சொல்ல வந்ததும் கத்திச் சொல்லக்கூடிய செய்தி அன்று. ஆகையால் எழுதுகிறேன். வேலை ஒன்றும் இல்லாத நேரத்தில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குடியிருக்கும் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக அதை உங்களிடம் மறைத்திருக்கிறேன், மன்னியுங்கள். உங்கள் தம்பி எட்டு வயதில் வெறிநாய் கடித்து இறந்ததையும், தொப்புளைச் சுற்றிப் போட வேண்டிய பதினான்கு ஊசிகளுக்காக அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நாளாகிவிட்டதையும், கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரைக் கண்டு அவர் அலறியதையும் நீங்கள் எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னீர்கள். நம் வாசற்படியை ஒரு நாயும் தாண்டாததற்குக் காரணம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கும் முன்னால், பத்து வயதில் துண்டுக்குள் மறைத்து நான் கொண்டுவந்த குட்டியை ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவரச் சொன்னீர்களே, அப்போது இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அந்தக் கோபம் இன்று துளியும் இல்லை. நீங்கள் கவலைப்படவும் வேண்டாம். இந்த நாட்டில் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். இந்த க்வாசூலு-நட்டால் மாகாணத்து நாய்களிடையே அந்த நோய் இன்னும் இருப்பதால் அரசுக் கால்நடை மருத்துவர்கள் ஊர் ஊராக வந்து இலவசமாகவே போடுகிறார்கள். ஊசி போட்ட அட்டையை என் கண்ணால் பார்த்த பிறகே நான் அதன் தலையில் கை வைத்தேன்.

அதன் பெயர் டைகர். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கீற்று, எந்தச் சாதி என்று யாரும் சொல்ல முடியாத நாட்டு நாய். வீட்டுக்கார அம்மாளை எல்லோரும் ஆயா என்கிறார்கள்; இங்கே பாட்டிக்கு அதுதான் சொல். 1860-இல் ட்ரூரோ என்னும் கப்பலில் சென்னையிலிருந்து 342 பேர் இந்தக் கரையில் வந்து இறங்கினார்கள் அல்லவா, அவர்களுக்குப் பின்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஒருவரின் கொள்ளுப்பேத்தி ஆயா. தமிழில் "வாங்க", "சாப்பிட்டாச்சா", "முருகா" என்பவற்றோடு இன்னும் ஓர் ஐம்பது சொற்கள் தெரியும், மற்றதெல்லாம் ஆங்கிலம். பிறந்தது நகராட்சித் தொழிலாளர்களான தமிழர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில். வெள்ளையர் அரசு இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்து, 1960-களில் அவர்களை அங்கிருந்து கிளப்பி இந்தச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது, சாமான் ஏற்றிய லாரியில் இடமில்லை என்று வீட்டு நாயை விட்டுவிட்டு வந்தார்களாம். லாரியின் பின்னால் அது எவ்வளவு தூரம் ஓடி வந்தது என்பதை ஆயா ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நாய் இல்லாத நாளே இருந்ததில்லை. ஒரு நாயின் பொருட்டு நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். ஒரு நாயின் பொருட்டு ஆயா கதவைத் திறந்து வைத்தார். இரண்டுக்குள்ளும் இருந்தது ஒரே துக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். உங்களுக்குக் காலை ஆறு மணி என்றால் எங்களுக்கு இரவு இரண்டரை. புரட்டாசியில் அந்த நேரத்தில்தான் தம்பியின் அழைப்பு வந்தது. டர்பனிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் இல்லை. நடுவே இறங்கி மாறி, அங்கிருந்து ஊர் வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட்டும் என் கையில் இல்லை. அம்மாவுக்கு வாய்க்கரிசி போடுவதை நான் கைப்பேசியின் திரையில் பார்த்தேன். மூத்தவன் நான் செய்ய வேண்டியதை இளையவன் செய்தான். தீட்டுள்ளவன் கோயில் வேலையில் கை வைக்கக் கூடாது என்பதால், பதினாறு நாளும் அறையிலேயே கிடந்தேன்.

அந்தப் பதினாறு நாளும் டைகர் என் அறை வாசலில் குறுக்கே படுத்திருந்தது. அதுவரை என் அறைப் பக்கமே வராத நாய் அது. ஆயாவின் பின்னாலும், தோட்டத்து மாமரத்துக்கு வரும் குரங்குகளின் பின்னாலும் ஓடுவதுதான் அதன் நாள் முழுக்க நடக்கும் வேலை. என்னைத் தேற்ற வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். விதி என்றார்கள், வயதாகிவிட்டது என்றார்கள், வலியில்லாமல் போனது புண்ணியம் என்றார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நாய்க்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரவில் எழுந்து உட்கார்ந்தால் அதுவும் எழுந்து உட்காரும். படுத்தால் முன்கால்களின் மேல் முகவாயை வைத்துக்கொண்டு ஒரு நீண்ட மூச்சு விடும். புரட்டாசி மாதம் முழுவதும் இங்குள்ள தமிழர் வீடுகளில் புலால் இல்லாததால் அதற்கும் பருப்புச் சோறுதான். தட்டை என் வாசலுக்கு இழுத்து வந்து அங்கேயே தின்றது. துக்க வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்பதை நான் அதனிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் அப்பா, உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், பதினேழாம் நாள் சாந்துக் கரண்டியைக் கையில் எடுத்தபோது எனக்குள் சாமி இல்லை. காலையில் குளித்துவிட்டு, நீங்கள் சிறுவயதில் மனப்பாடம் செய்ய வைத்த சிவபுராணத்தைத் தொடங்குவேன். "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு" வரை வாய் தானாக ஓடும். அடுத்து "தாயிற் சிறந்த" என்று வர வேண்டும். அந்தச் சொல் வராது. தாயினும் சிறந்த தயவு உடையவன் என் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட என்னை விடவில்லையே என்ற எண்ணம் தொண்டையை அடைத்துவிடும். அங்கேயே நிறுத்திவிட்டு வேலைக்குப் போவேன். இரண்டு மாதத்துக்கு மேல் இப்படியே இருந்தேன். தெய்வங்களுக்குக் கண்ணும் மூக்கும் வைத்துக்கொண்டிருந்தவன், ஒரு தெய்வத்தையும் கும்பிடவில்லை.

கார்த்திகைக் கடைசியில், இங்கே மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் கோடையில், டைகர் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மறுநாள் குரங்குகள் மதில் மேல் உட்கார்ந்து மாங்காய் தின்றும் அது தலையைத் தூக்கவில்லை. ஆயா அதன் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்திருந்தது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கியது. "பிலியரி" என்று ஆயா சொன்ன குரலிலேயே அது என்ன என்று எனக்குப் புரிந்துவிட்டது. உண்ணி கடிப்பதால் வரும் நோய் அது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைத்துவிடுகிறது. இந்த நாட்டில் காணப்படும் வகை மிகக் கொடியது. இரண்டு மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் நாய் பிழைக்காது.

போர்வையில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். மேசையில் கிடத்தித் தலையை நான் பிடித்துக்கொண்டேன். மருந்தைச் சதையில் ஏற்றும்போது கடுமையாக எரியும், கடிக்க வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் எச்சரித்தார். ஊசி இறங்கியது. டைகர் ஒரு கத்துக் கத்தி, மின்னலாகத் தலையைத் திருப்பியது. அதன் வாய்க்குள் என் மணிக்கட்டு இருந்தது. நான்கு கோரைப் பற்களும் தோலின் மேல் பட்டு நிற்பதை நான் உணர்ந்தேன், அப்பா. அந்த நொடியில் எனக்கு உங்கள் தம்பியின் நினைவுதான் வந்தது. பற்கள் இறங்கவில்லை. மூச்சு மட்டும் சூடாகக் கையில் பட்டது. பிறகு தாடை மெல்லத் தளர்ந்து, காய்ந்து போன நாக்கு வெளியே வந்து, எந்தக் கை தன்னை வலிக்குள் பிடித்து அழுத்திக்கொண்டிருந்ததோ அந்தக் கையை ஒரு முறை நக்கியது. காதுகள் இரண்டும் பின்னால் படிந்திருந்தன. வாலின் நுனி மட்டும் இரண்டு முறை அசைந்தது.

இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். நாலு வீடு தள்ளி இருக்கும் சூலு நண்பர் ஒருவர், கேட்டவுடன் தம்முடைய பெரிய ரிட்ஜ்பேக் நாயை அழைத்து வந்தார். அதன் கழுத்திலிருந்து எடுத்த 450 மில்லி இரத்தம் சொட்டுச் சொட்டாக டைகரின் முன்காலில் இறங்குவதைப் பார்த்தபடி, நாங்கள் மூவரும் இரவு வெகுநேரம் வரை ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தோம். ஆயா "சியாபோங்கா, சியாபோங்கா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்; சூலு மொழியில் நன்றி என்று பொருள். விடியும்போது ஈறு இளஞ்சிவப்பாக மாறியிருந்தது.

வீட்டுக்கு வந்து குளித்தேன். சிவபுராணத்தைத் தொடங்கினேன். நாயிற் கடையாய் என்னும் இடம் வந்தபோது, வாய் நிற்கவில்லை, மனம்தான் நின்றது. இத்தனை காலம் அதை நாயை இழிவாகச் சொன்ன வரி என்றே நினைத்திருந்தேன். மாணிக்கவாசகர் நாயை அளவுகோலாக நிறுத்திவிட்டு, அதற்கும் கீழே தம்மை வைக்கிறார் என்பது அன்றுதான் உறைத்தது. என் கை ஏன் தன்னை வலிக்கச் செய்கிறது என்று டைகருக்குத் தெரியாது. உண்ணியும் தெரியாது, மருந்தும் தெரியாது. அது என் கை என்பது மட்டும் தெரியும். எனக்கோ திருவாசகம் தெரியும், ஆகமம் தெரியும், சிற்பத்தின் தாள அளவு தெரியும். வலித்த அன்றே கையை உதறிவிட்டேன். அந்த வகையில் நான் நாயினும் கடையாகத்தான் கிடந்தேன். அடுத்த சொல் தானாக வந்தது. அழுதுகொண்டே முடிவு வரை சொன்னேன். அம்மா ஏன் நான் வருவதற்குள் போனாள் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. விளங்காமலே கும்பிட முடிகிறது.

இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், உங்களிடம் ஓர் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. பங்குனியில் குடமுழுக்கு. வடகிழக்கு மூலையில் பைரவர் சுதை வேலையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நம் ஊரில் போலவே இங்கும் குருக்கள் அர்த்தசாமம் முடிந்ததும் கோயிற் சாவியைப் பைரவர் முன் வைத்துவிட்டுத்தான் போகிறார். நீங்கள் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து இங்கே இல்லை, சிமெண்டுதான்; ஆனால் அளவுகள் எல்லாம் நீங்கள் கற்றுக்கொடுத்தவை. சுவாமியை நூல் பிசகாமல் உங்கள் முறைப்படியே செய்துவிட்டேன். அவர் வாகனமான நாயையும் முதலில் அப்படித்தான் செய்தேன்: மூக்குச் சுருங்கி, பல் தெரிய, காது விறைத்து நின்றது. டைகர் பிழைத்த மறுவாரம் அதன் தலையை உடைத்துவிட்டு மறுபடி செய்தேன். இப்போது வாய் மூடியிருக்கிறது. காதுகள் பின்னால் படிந்திருக்கின்றன. காது படியும்போது அதன் அடியில் தோல் இரண்டு மடிப்பாக விழுமே, அதைக் கம்பி முனையால் கீறி எடுத்தேன். முகம் சுவாமியை அண்ணாந்து பார்க்கிறது.

வாலைத்தான் இன்னும் செய்யவில்லை. உங்கள் முறையில் அது முதுகின் மேல் சுருண்டு நிற்க வேண்டும். நான் பார்த்த வாலோ தாழ்ந்து கிடந்து நுனியில் மட்டும் அசைந்தது. தலையை உங்களைக் கேட்காமல் மாற்றிவிட்டேன். வாலையும் அப்படி மாற்ற மனம் துணியவில்லை. நீங்கள் எப்படிச் சொன்னாலும் அப்படியே செய்வேன். உங்கள் பதில் வரும் வரை அந்த இடத்தில் வெறும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. சாந்தைக் குழைக்காமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் அன்பு மகன்