ஷெனாண்டோவாவுக்கு ஒரே ஒரு பீக் தேதி கிடையாதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல இலையுதிர் காலத்துல இலைங்க நிறம் மாறறத பத்தி வந்த ஃபால் கலர் கட்டுரை படிச்சேன், போட்டோ எல்லாம் அருமை, ஆனா வர்ஜீனியால இருக்கற ஷெனாண்டோவா நேஷனல் பார்க்குக்கு ஒரே ஒரு வீக்கெண்ட பீக்னு, அதாவது நிறம் உச்சத்துல இருக்கற நேரம்னு போட்டிருந்தீங்க, அதுதான் மனசுக்கு ஒப்பல. அத நம்பி வாஷிங்டன் பக்கத்துல இருக்கற நம்மாளுங்க எல்லாம் அதே சனிக்கிழமை கிளம்பி பார்க்கோட ஃப்ரண்ட் ராயல் நுழைவு கேட்ல வரிசைல மாட்டிக்கறாங்க, பின் சீட்ல குழந்தைங்க அழுது, மேல போனா பார்க்கிங் இல்ல, ரோட்டுலயே வண்டிய நிறுத்தி செல்ஃபி எடுத்துட்டு இறங்கிடறாங்க. 35 மைல் ஸ்பீடு லிமிட் உள்ள, வளைவு வளைவா போற ரோடு அது, திடீர்னு நிறுத்தினா பின்னாடி வர்றவங்களுக்கு ஆபத்து.

பார்க்குக்குள்ள மலை மேல போற அந்த ரோடு, ஸ்கைலைன் டிரைவ், மட்டுமே 105 மைல் நீளம். பார்க்லயே உயரமான ஹாக்ஸ்பில் உச்சி 4,051 அடி, அடிவாரம் ஆயிரம் அடிக்கும் கீழ. மேல குளிர் முதல்ல வர்றதால நிறமும் மேல ஆரம்பிச்சு வாரக்கணக்குல கீழ இறங்கும். மரத்துக்கு மரமும் வித்தியாசம் இருக்கு. செப்டம்பர்லயே வர்ஜீனியா க்ரீப்பர் கொடி பச்சை மரத்துல செவப்பா ஏறி நிக்கும், பிளாக் கம் மரமும் சீக்கிரமே செவந்துடும், அப்புறம் மேப்பிள், ஹிக்கரி, டூலிப் பாப்லர், கடைசியாதான் ஓக். அந்த மலைல ஓக்தான் ஜாஸ்தி, அதனால "பீக் போயிடுச்சு"ன்னு எல்லாரும் திரும்பின பிறகும் சரிவு முழுக்க கருஞ்செவப்பா இருக்கும், கூட்டமும் இருக்காது.

இன்னொண்ணு, மஞ்சள் நிறம் இலைல ஏற்கனவே இருக்கறதுதான், பச்சையம் போனதும் வெளிய தெரியுது. செவப்பு அப்படி இல்ல, பெரும்பாலும் அந்த சீசன்லதான் இலைக்குள்ள புதுசா உண்டாகுது. பகல்ல நல்ல வெயிலும் ராத்திரி உறைபனி இல்லாத குளிரும் இருந்தா தூக்கலா வரும், மேகமும் சூடுமா போனா மங்கிடும். இத முன்கூட்டியே தேதி போட்டு எப்படிங்க சொல்ல முடியும்?

கார்லயே உக்காந்து பாக்காதீங்கன்னும் எழுதியிருக்கலாம். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருந்தா லிம்பர்லாஸ்ட் டிரெய்ல் போங்க, 1.3 மைல்தான், சமமான பாதை, வீல்சேரே போகும். சாசஃப்ராஸ் மரம் கண்ணுல பட்டா குழந்தைங்கள கிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, ஒரே மரத்துல முழு இலை, கையுறை மாதிரி ஒரு இலை, மூணு பிரிவா ஒரு இலைன்னு ஆரஞ்சு நிறத்துல தொங்கும், அவ்ளோ அழகு.

கட்டுரைல விட்டுப்போன முக்கியமான விஷயம், 1935ல இந்த பார்க் உருவாகறதுக்காக 500க்கும் மேல குடும்பங்க வீடு நிலத்த விட்டு வெளியேற வேண்டியிருந்துச்சு. காட்டுக்குள்ள அவங்க வீட்டுக் கல் சுவரும் புகைபோக்கியும் இன்னும் கிடக்கு, இலை கொட்டின பிறகு நல்லாவே தெரியும். நாம ரசிக்கற காடு அவங்க வயலும் தோட்டமும் இருந்த இடம், அதுக்கு ஒரு பாராவாவது கொடுத்திருக்கணும்.

அடுத்த வருஷம் போடும்போது தேதிக்கு பதிலா உயரத்த வெச்சு, எந்த வாரம் எந்தப் பகுதின்னு போடுங்க. முடிஞ்சவங்க வார நாள்ல காலைலயே போகச் சொல்லுங்க. பார்க்ல இருக்கற ஓல்ட் ராக் மலை ஏறணும்னா மார்ச்சுல இருந்து நவம்பர் வரைக்கும் தனி டிக்கெட் முன்னாடியே எடுக்கணும், அதையும் மறக்காம சேர்த்துடுங்க.

இப்படிக்கு,
வடக்கு வர்ஜீனியா வாசகர்