வாடகை வீட்டில் ஒரு விளை

அன்பு மகள் உமாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்துவிட்டது. முற்றத்தில் வைக்கோல் காய்கிறது. நாள்தோறும் தொலைபேசியில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். தொலைபேசியில் நான் எதைத் தொடங்கினாலும் "சரிப்பா, சரிப்பா" என்று நீ முடித்துவைத்துவிடுகிறாய். அதோடு, இதில் நான் சொல்லப்போகும் காரியத்தை ஐப்பசி முடிவதற்குள் நீ செய்தாக வேண்டும் என்பதால் எழுத்தில் இருப்பதே நல்லது என்று நினைத்தேன்.

கடந்த ஏப்ரலில் இங்கிலாந்தில் உன் வீட்டில் தங்கியிருந்தபோது, பின்கதவை ஒட்டி வெறுமனே கிடக்கும் அந்தத் துண்டு நிலத்தில் ஏதாவது நட்டு வைக்கக் கூடாதா என்று நான் கேட்டேன். "வாடகை வீடுதானே அப்பா, நட்டு யாருக்கு?" என்றாய். பத்திரப் பதிவு அலுவலகத்தில் 31 ஆண்டுகள் உட்கார்ந்தவனுக்கு அதற்கு மேல் பேச வாய் வரவில்லை. யார் பெயரில் பத்திரம் இருக்கிறதோ அவருடையதுதான் மண் என்று ஆயுள் முழுக்க ஏட்டில் ஏற்றியவன் நான். ஆனால் மூன்றாம் நாள் நீங்கள் என்னை அழைத்துப்போன, ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த ரைடல் மவுண்ட் என்னும் அந்த வீட்டில், உன் கேள்விக்கு வேறொரு பதில் கிடைத்தது. திரும்பும் வழியில் நான் பேசாமல் வந்ததைப் பார்த்து, எனக்கு வீடு பிடிக்கவில்லையோ என்று நீ சங்கடப்பட்டாய். அந்தப் பதிலைத்தான் நான் அப்போது மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தனை பெரிய கவிஞர் அவ்வளவு நீண்ட காலம் வாழ்ந்த வீடு அவருக்குச் சொந்தமாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டுதான் அந்தச் செங்குத்தான சந்தில் மூச்சு வாங்க ஏறினேன். வேர்ட்ஸ்வொர்த் அங்கே 1813-இல் குடியேறி, 1850-இல் இறக்கும் வரை 37 ஆண்டுகள் வாடகைக்குத்தான் இருந்தார் என்று மாப்பிள்ளை வாசித்துச் சொன்னபோது, நான் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னது நினைவிருக்கிறதா? வீடும் நிலமும் பக்கத்து மாளிகையில் இருந்த லேடி லெ ஃபிளெமிங் என்னும் சீமாட்டியுடையவை. அதற்கு முன் பக்கத்து ஊரான கிராஸ்மியரில் தேவாலயத்தை ஒட்டிய வீட்டில் இருந்தபோது, 1812 என்னும் ஒரே ஆண்டில், மூன்று வயது மகளையும் ஆறு வயது மகனையும் கவிஞரும் மனைவியும் இழந்திருக்கிறார்கள். வாசலைத் திறந்தால் பிள்ளைகளைப் புதைத்த இடம் கண்ணில் படும் வீட்டில் எந்தத் தாய் இருப்பாள்? மறு ஆண்டே ரைடலுக்கு வந்துவிட்டார்கள்.

அதே ஆண்டில்தான் அவருக்கு ஒரு அரசு வேலையும் கிடைத்தது. என்ன வேலை என்றால், வெஸ்ட்மர்லாந்து பகுதிக்கு முத்திரைத்தாள் விநியோகிப்பது! அதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்ததும், சீட்டுக் கொடுத்த அம்மையார் திரும்பிப் பார்த்ததும் உனக்குத் தெரியும். கீழ் விநியோகஸ்தர்களிடம் கணக்கு வாங்கி, பணம் குறையாமல் மேலே கட்ட வேண்டிய பொறுப்பு அது; 1842-இல் மகனிடம் ஒப்படைக்கும் வரை அவர் அதைப் பார்த்திருக்கிறார். மறு ஆண்டு கிடைத்த அரசவைக் கவிஞர் பட்டத்தை விட, இந்த வேலைதான் அவரை எனக்கு உறவுக்காரர் ஆக்கியது.

வீட்டுக்குள் நாம் அதிக நேரம் நிற்கவில்லை. கற்பலகை பாவிய தரையும் தாழ்ந்த உத்தரங்களும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் கயிறு கட்டித் தடுத்த அறைகளை எட்டிப் பார்ப்பதில் எனக்கு எப்போதுமே ஒரு கூச்சம் உண்டு. வெளியே வந்த பிறகுதான் என் கால் தரையில் பாவியது. ஏறத்தாழ 5 ஏக்கர் தோட்டம். பின்னால் நாப் ஸ்கார் என்னும் குன்று நம் தாடகை மலை போல முதுகு கொடுத்து நிற்கிறது. முன்னால் பள்ளத்தாக்கு இறங்கிப்போய் ஏரி தெரிகிறது. சரிவை வெட்டிச் சமன்படுத்தாமல், சரிவு போன போக்கிலேயே தட்டுத்தட்டாகக் கல் சுவராகக் கையாலை கட்டி, ஒவ்வொரு தட்டின் மேலும் நடைபாதை விட்டிருக்கிறார். நம் மேட்டு விளையில், அந்தத் தோட்ட நிலத்தில், தாத்தா கட்டிய கையாலை போலவே கல்லைக் கல்லோடு கோத்த வேலைதான் அங்கும். கல்லிடுக்கில் பன்னச் செடி கூட அதே மாதிரிதான் முளைத்திருந்தது. இந்த நடைபாதைகளில் முன்னும் பின்னும் நடந்து, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் அவர் கவிதை கட்டியிருக்கிறார். எழுதும் அறையைக் காட்டு என்று வந்து கேட்ட ஒருவரிடம், "இது ஐயாவின் புத்தக அறை, படிக்கிற அறை வெளியே இருக்கிறது" என்று வேலைக்காரப் பெண் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவருடைய தங்கை டாரதி கடைசி இருபது ஆண்டுகள் நோயாளியாக அந்த வீட்டில்தான் இருந்தார்.

அந்தத் தங்கையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். டாஃபோடில் என்னும் மஞ்சள் பூக்களைப் பற்றிய வேர்ட்ஸ்வொர்த்தின் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் எங்களையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தனியே திரிந்தபோது பூக்களைக் கண்டதாகப் பாட்டில் வருகிறது. உண்மையில், 1802 ஏப்ரல் 15-ஆம் தேதி அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அந்தப் பூக்களைக் கண்டபோது தங்கை உடன் இருந்தார். தம் நாட்குறிப்பில் அதை அழகாக எழுதியும் வைத்தார். இரண்டு ஆண்டு கழித்துத்தான் அண்ணன் பாட்டு எழுதினார். அதிலும் மிகச் சிறந்த இரண்டு வரிகள் மனைவி மேரி சொன்னவை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். சாட்சிகள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் பத்திரம் முடித்தது போல எனக்குப் பட்டது. பதிவு அலுவலகத்தில் இருந்தவனுக்கு இப்படித்தான் புத்தி போகும்.

இனி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1825 வாக்கில் சீமாட்டி, தம் உறவினருக்கு வீடு வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். காலி செய்ய நேர்ந்தால் போக்கிடம் வேண்டுமே என்று, கீழே இருந்த ஒரு விளையைக் கவிஞர் விலைக்கு வாங்கி, அதில் வீடு கட்ட வரைபடமும் போட்டார். பிறகு சீமாட்டி மனம் மாறியதால் வீடு கட்டும் வேலை நின்றுபோயிற்று. அவர் பழையபடி வாடகைக்காரராகவே தொடர்ந்தார். காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று ஒருமுறை பயந்த பிறகும், அடுத்த 25 ஆண்டுகள் அதே மனிதர் அந்த இரவல் மண்ணில் மரம் நட்டுக்கொண்டும் பாதை போட்டுக்கொண்டும் இருந்தார் என்பதைத்தான் நான் பேருந்தில் யோசித்துக்கொண்டு வந்தேன். தாம் கிரயம் வாங்கிய விளையை மகள் டோராவுக்கென்று கொடுத்துவிட்டார்; நம் பக்கத்தில் இஷ்டதானம் என்று எழுதுவோமே, அது போல.

அந்த டோரா, மனைவியை இழந்த ஒருவரை, வேறு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவரை விரும்பினாள். தகப்பனார் பல ஆண்டுகள் சம்மதிக்கவில்லை. 1841-இல்தான் கல்யாணம் நடந்தது. இதை வாசித்த இடத்தில் மாப்பிள்ளை சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டதையும், நீ அவரைப் பார்த்துச் சிரித்ததையும் நான் கவனிக்காமல் இல்லை. நான் இரண்டு வருடம்தான் முரண்டு பிடித்தேன் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள். டோரா 1847 ஜூலையில் காசநோயால் இறந்துபோனாள். அப்போது தகப்பனாருக்கு 77 வயது. அவரும் மேரியும் தோட்டக்காரர்களும் சேர்ந்து அந்த விளை முழுக்க டாஃபோடில் கிழங்குகளை நட்டார்கள். டோராவின் விளை என்றே இன்றும் அதற்குப் பெயர்.

அந்த விளைக்கு நாம் போனபோது பூக்காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. நீங்கள் மூவரும் தேவாலயத்தின் பக்கம் நடந்துபோன பிறகு, நான் ஒரு செடியின் முன் குத்தவைத்து உட்கார்ந்தேன். இதழ்கள் வெங்காயச் சருகு போலச் சுருங்கி, மழையில் தண்டோடு ஒட்டியிருந்தன. இலை மட்டும் உள்ளிப்பூண்டு இலை போல நிமிர்ந்து பச்சையாக நின்றது. அடியில் மண்ணை விரலால் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். அப்படிச் செய்திருக்கக் கூடாதுதான். தாய்க்கிழங்கின் விலாவில், சேம்புக்கு வருவது போலச் சின்னதாக ஒரு குட்டி ஒட்டியிருந்தது. மண்ணைத் திரும்ப மூடிவிட்டு எழுந்தேன். நட்டவர் போய் 170 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கிழங்கு இன்னும் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது.

மேரி 1859-இல் இறந்த பிறகு வீடு அந்தக் குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று. 1969-இல்தான் கவிஞரின் கொள்ளுப்பேரன் பேத்திகளுக்கும் அடுத்த தலைமுறைப் பெண் ஒருவர் அதை விலைக்கு வாங்கினார். குடியிருந்தவர் இறந்து 119 ஆண்டு கழித்துக் குடும்பத்தின் பெயரில் கிரயப் பத்திரம்! பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் போகும்போது புத்தேரியைக் கடக்கும்போதெல்லாம் இப்போது இது நினைவுக்கு வருகிறது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-இல் பிறந்தது தேரூர். ஓய்வுக்குப் பிறகு 1954-இல் கண் மூடும் வரை இருந்தது மனைவியின் ஊரான புத்தேரி. பெண்ணெடுத்த ஊரில் போய்க் குடியிருப்பவனை நம் பக்கத்தில் எப்படிப் பேசுவார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்று இரண்டு ஊர்க்காரர்களும் அவரை எங்களவர் என்கிறார்கள்.

ஆகவே, உமா, அந்தப் பின்கதவு நிலத்தில் நீ டாஃபோடில் கிழங்கு நட வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் அங்கே நடவுக் காலம். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம் தோண்டி, கூர் முனை மேலே பார்க்க வைத்து மூடு. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். பூ வாடியதும் அசிங்கமாக இருக்கிறது என்று இலையை அறுத்துவிடாதே. குறைந்தது ஆறு வாரம் இலை பச்சையாக நின்றால்தான் அடுத்த ஆண்டுப் பூவுக்கு வேண்டியதைக் கிழங்கு சேர்த்துவைக்கும். நம் வடக்கு வேலிச் செங்காந்தளும் அப்படித்தானே? கோடையில் செத்துப்போனது போல இருந்துவிட்டு, மழை விழுந்ததும் கலப்பைக் கிழங்கிலிருந்து கொடி வருகிறது. இந்த ஆண்டு இப்போதே மொட்டு விட்டிருக்கிறது. காந்தள் போலவே டாஃபோடில் கிழங்கும் விஷம். பார்க்க வெங்காயம் மாதிரி இருக்கும் என்று சொன்னதும், அடுக்களைப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று உன் அம்மா மூன்று முறை சொல்லிவிட்டாள். பேத்தி நட்டால் கையைக் கழுவிவிடு. ஆனால் அவளையும் ஒன்றாவது நடச் சொல்.

வீட்டுக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கு. அவர் முடியாது என்றால் தொட்டியில் நடு. தொட்டிக்கு யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை.

அன்புடன்,
அப்பா