கொட்டானில் என் பெயர், உள்ளே உங்கள் கை

ராமேஸ்வரம் தீவிலிருக்கிற தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் முடிந்து இப்போதுதான் தோள்வலி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதனால் இந்த மடல் தாமதம்.

பத்து நாளாக சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் போன் வந்துகொண்டே இருக்கிறது. "அக்கா, தொதல் பிரமாதம்", "அத்தை, அச்சு முறுக்கு வாயில் வைத்ததும் உதிருது" என்று. பண்டம் போட்டு அனுப்பின ஒவ்வொரு ஓலைக் கொட்டான் மேலும் என் பெயர் எழுதின சீட்டை ஒட்டிவைத்ததால் வந்த வினை. முதல் நாலைந்து பேரிடம் நானும் "ஆமா ஆமா" என்று வாங்கிக்கொண்டேன், பொய் சொல்வானேன். அப்புறம் கூச்சமாகிவிட்டது. அந்தக் கொட்டானுக்குள் நான் ஒருத்தியாகச் செய்தேன் என்று சொல்ல ஒரு துண்டுகூடக் கிடையாது. யார் எதைச் செய்தார்கள் என்று எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிவிடுகிறேன்.

வெளியூரில் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் அக்டோபரில் கேட்டார்கள்: கூட வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுக்கக் கடைக் கேக் வேண்டாம், ஊர்ப் பண்டமாகச் செய்து தர முடியுமா என்று. இருபது முப்பது இருக்கும் என்று நினைத்து சரி என்றேன். கடைசியில் 75 ஆனது. ஒரு கொட்டானுக்கு பத்து அச்சு முறுக்கு, கால் கிலோ தொதல் (கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டுகிற இனிப்பு), கால் கிலோ கலகலா (மாவை உருட்டிப் பொரிக்கிற பண்டம்), ஒரு கருப்பட்டிச் சில்லு. அதாவது 750 முறுக்கு, பத்தொன்பது கிலோ தொதல். என் வீட்டுக்காரர் இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வலை தைக்கப் போய்விட்டார்.

முதல் நன்றி சாயல்குடிப் பக்கத்துப் பனையேறி அண்ணனுக்கும் அவர் வீட்டு மதினிக்கும். நான் முதலில் ஒரு கடையில் கருப்பட்டி வாங்கினேன். உடைத்துப் பார்த்தால் உள்ளே சீனி மினுமினுக்கிறது, பாதிக்கு மேல் சீனிப்பாகு. பதநீர் மாசியில் தொடங்கி ஆடிக்குள் முடிந்துவிடும், டிசம்பரில் நல்ல கருப்பட்டிக்கு எங்கே போவது? அண்ணன் வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில், புகை படுகிற இடத்தில், ஓலைப்பெட்டியில் கட்டிவைத்திருந்தார்கள். அடைமழையிலும் கசியவில்லை. பதினைந்து கிலோ கொடுத்தார்கள். அது அவர்கள் வீட்டுக்கென்று வைத்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. காய்ச்சினால் அடியில் வெள்ளையாக நிற்கிறதே என்று பயந்து போன் போட்டேன். "அது சுண்ணாம்பும்மா, கலயத்துல தடவலைன்னா பதநீர் கள்ளாப் போயிரும், தெளியவிட்டு வடிகட்டு" என்றார். அம்பது வயதில் கற்றுக்கொண்டேன்.

அடுத்து கீழக்கரை லாத்தா (அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்). இவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் பத்தாது, திட்டு வாங்கினதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தொதல் கீழக்கரைச் சரக்கு, எங்கள் வீட்டுப் பண்டம் இல்லை. கப்பல் போய்வந்த ஊர், அதனால்தான் இலங்கையிலும் மலேசியாவிலும் இதே பண்டத்தைக் கொஞ்சம் பெயர் மாற்றித் தின்கிறார்கள். என் மகள் லாத்தாவின் மகளோடு படித்தவள், அந்தப் பழக்கத்தில் ஒரு நாள் போய் நின்றேன். ஒரு கிலோ அரிசி மாவுக்கு இரண்டரைக் கிலோ கருப்பட்டி, எட்டுத் தேங்காய். தண்ணிப் பாலில் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, மாவைக் கட்டியில்லாமல் கலக்கி, கெட்டிப் பாலை ஊற்றி அடுப்பில் ஏற்றினால் அப்புறம் நாலு மணி நேரம் யாரும் கையை எடுக்கக் கூடாது. அடிப்பிடித்தால் மொத்தமும் போச்சு. முதலில் கஞ்சி மாதிரி கொதித்துக் கையில் தெறிக்கும், பிறகு இறுகும், தேங்காய்ப்பால் எண்ணெயாகப் பிரிந்து ஓரத்தில் நிற்கும், கடைசியில் உருளியில் ஒட்டாமல் ஒரே உருண்டையாகச் சுழலும். அந்த எண்ணெய் பிரிகிற வரைக்கும் பொறுமை இல்லாதவர்கள் தொதல் கிண்டக் கூடாது என்பது லாத்தா கட்சி.

நவம்பர் கடைசியில் ஒரு சட்டி கிண்டிப் பார்த்தோம். ருசி சரியாகவே வந்தது. அன்று ராத்திரியே துண்டு போட்டு, சூடு இருக்கும்போதே டப்பாவில் அடைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால் மூடியெல்லாம் வியர்த்து, மேலே வெள்ளையாகப் பூஞ்சை. லாத்தாவிடம் சொன்னதற்கு, "ஏம்மா, குளிப்பாட்டின புள்ளைய ஈரத்தோட தொட்டில்ல போடுவியா?" என்றார். அதற்குப் பிறகு ஒரு ராத்திரி முழுக்கத் தாம்பாளத்தில் மெல்லிய துணி போட்டு ஆறவிட்டு, மறுநாள்தான் வெட்டினோம், பட்டர் பேப்பரில் சுற்றினோம். ஒரு துண்டுகூடக் கெடவில்லை. தன் வீட்டு வெண்கல உருளியையும் அவரே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

நாலு சட்டியையும் கிண்டினது யார் என்று நினைக்கிறீர்கள்? இந்தத் தெரு ஆண்கள். வாடைக் காற்று, கடலில் சீற்றம், கடலுக்குப் போக மீன்துறையில் டோக்கன் கொடுக்கவில்லை, போட்டெல்லாம் கரையில் கிடந்தது. சும்மா உட்கார்ந்து சீட்டாடினவர்களை என் கொழுந்தன் கூட்டிக்கொண்டு வந்தான். வலை இழுத்த கை, உருளியில் துடுப்புப் போடுவது அவர்களுக்கு ஒரு வேலையா? ஆளுக்கு இருபது நிமிஷம் என்று முறை வைத்தார்கள். இரண்டாம் சட்டியில் போட்டியாகிவிட்டது, யார் மாறாமல் அதிக நேரம் நிற்கிறார் என்று. வருமானமில்லாத வாரம் அது, வீட்டில் எல்லோருக்கும் கஷ்டம்தான், அதிலும் ஒருவர்கூடக் கூலி வாங்கவில்லை. அடிச்சட்டியைச் சுரண்டித் தின்னக் கொடுத்தால் போதும் என்றார்கள். அதற்கு அவர்கள் பிள்ளைகளோடு சண்டை வேறு.

அச்சு முறுக்குக்கு எதிர்வீட்டு மதினி. நான் புது அச்சு வாங்கி, முட்டை, தேங்காய்ப்பால், சீனி எல்லாம் போட்டு மாவு கரைத்து முக்கினால் ஒன்றுகூட அச்சை விட்டு வரவில்லை, எண்ணெயில் பிய்ந்து பிய்ந்து மிதந்தது. மதினி வந்து பார்த்துச் சிரித்துவிட்டு அச்சைப் பிடுங்கிக்கொண்டு போனார். ஒரு ராத்திரி வடிகஞ்சியில், மறுநாள் முழுக்க எண்ணெயில் ஊறவைத்துத் திருப்பித் தந்தார். மற்றதெல்லாம் அவர் நின்று சொன்னது: அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகக் காயணும், மாவில் முக்கால்வாசிதான் முக்கணும், மேல்விளிம்பைத் தாண்டினால் பூட்டிக்கொள்ளும், சீனி கூடினால் சிவந்து கருகும், ஒட்டவும் செய்யும். இரண்டு நாள், இரண்டு அச்சு, 750. உடைந்தது ஒரு எண்பது இருக்கும், அதைத் தின்றது யார் என்று நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் மழை விடவில்லை. கடல் ஓரத்து ஈரக்காற்றில் முறுக்கு எத்தனை நாள் மொறுமொறுப்பாக இருக்கும்? பிஸ்கட் டின்னில் வைத்ததே பாதி நமுத்துப்போனது. அழாத குறை. அப்போது உதவினது பேக்கரி அண்ணன். காலை ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் சூடு இறங்கிக்கொண்டிருக்குமே, அந்தச் சூட்டில் தட்டுத் தட்டாக அடுக்கி, ஒரு மணி நேரத்தில் கலகலவென்று திருப்பிக் கொடுத்தார். மூன்று நாள் இதைச் செய்தார். டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

கலகலா தெருப் பிள்ளைகள் கைவேலை. சிலர் வைரத் துண்டாக வெட்டுவார்கள், எங்கள் பக்கத்தில் முள்கரண்டி முதுகில் உருட்டிச் சுருட்டுவோம். முள்கரண்டி பற்றாததால் புதுச் சீப்பு வாங்கிக் கொடுத்தேன். பிள்ளைகள் உருட்டின உருவங்களில் இரண்டு மூன்று இறால் மாதிரி இருந்தன, அதையும் பொரித்துப் போட்டுவிட்டேன், யாருக்குப் போனதோ.

கொட்டான் பின்னின அப்பத்தாவுக்கு இந்த மடலை யாராவது வாசித்துக் காட்டுங்கள். இரண்டு மருமகள்களோடு உட்கார்ந்து மூன்று வாரத்தில் 75 கொட்டான், மூடியோடு. மழையில் ஓலை காயாமல் கறுத்துவிடும் என்று ராத்திரி அடுப்படியில் கட்டித் தொங்கவிட்டு எழுந்து எழுந்து பார்த்தாராம். விலை கேட்டபோது அவர் சொன்ன தொகைக்கு இன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா வராது. நான் கூடுதலாகக் கொடுத்ததை இரண்டு தடவை திருப்பி நீட்டினார். பேரம் பேசுகிறவர்கள் அந்த விரல்களை ஒருதரம் பார்த்துவிட்டுப் பேசலாம். ஒரு கூரியர் ஆபீசில் தின்பண்டம் நொறுங்கினால் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். என் அக்கா மகன் ஆறு அட்டைப்பெட்டியாகக் கட்டி, சென்னை ரயிலில் மடியில் ஒன்று, காலடியில் ஒன்று, மற்றதைச் சீட்டுக்கடியில் என்று கொண்டுபோனான். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓட்டம் நின்றதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கிற வரைக்கும் அக்கரையில் மண்டபத்துக்குப் போய்த்தான் ஏற வேண்டியிருந்தது, நல்லவேளை இந்த வருஷம் அந்த அலைச்சல் இல்லை. திருப்பூர் பெட்டிகளை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போன தம்பிக்கும் நன்றி.

தேங்காய் துருவினவர்கள், விறகு கொடுத்தவர்கள், கரண்ட் போன ராத்திரி எமர்ஜென்சி லைட் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், உங்களையும் மறக்கவில்லை. சீட்டில் பெயர் எழுத இடம் பத்தவில்லை, அவ்வளவுதான்.

லாத்தா, உங்கள் உருளி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. புளி போட்டு விளக்கிவைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாதில்லையா, என்ன போட்டு வரட்டும் என்று சொல்லி அனுப்புங்கள். நெத்திலிக் கருவாடு இருக்கிறது, சீலாக் கருவாடும் இருக்கிறது. இனிப்பு மட்டும் கேட்காதீர்கள்.