சுங்குடிப் புள்ளியும் 48 எம்பி படமும்

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. "மச்சான் சேலைக் கடைக்கு ஒரு ஆப் செய்து தருகிறேன் என்று வாயை விட்டேன், அன்றிலிருந்து தூக்கம் போச்சு" என்று நீ ஆரம்பித்திருந்ததைப் படித்து நான் சிரித்த சிரிப்பில், உள்ளே இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். உடனே பதில் போட முடியாமல் போனதற்கு அப்பாவின் கண் ஆபரேஷன்தான் காரணம். நல்லபடியாக முடிந்தது. இப்போது டிவியில் செய்தி வாசிக்கிறவரின் சட்டையில் எத்தனை பொத்தான் என்று எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் பெண் பிளஸ் டூவா? நம்ப முடியவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு நீ ஆபீசுக்கு வந்தது நேற்று மாதிரி இருக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கேட்டிருந்தாய். திரையின் அகலம் உயரத்தை எப்படி எடுப்பது என்று ஒன்று. உன் போனில் ஓடுகிற ஆப், சின்னாளப்பட்டியில் மச்சான் போனில் மட்டும் ஏன் நாலாவது சேலையிலேயே மூடிக்கொள்கிறது என்று இன்னொன்று. இரண்டையும் தனித்தனிக் கேள்வியாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது: படம் உட்காரும் இடம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் படத்தை எவ்வளவு விரிப்பது என்று தெரியும்.

2006-இல் நாம் ஜாவா போன் கேம்களை ஒரு மாடலிலிருந்து இன்னொரு மாடலுக்கு மாற்றிக்கொண்டிருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 128க்கு 128 ஒன்று, நோக்கியா 6600-க்கு 176க்கு 208 ஒன்று, பெரிய மனிதர்கள் வைத்திருக்கும் போனுக்கு 240க்கு 320 ஒன்று. ஒவ்வொன்றுக்கும் படங்களைத் தனித்தனியாக வரைந்து வாங்கி, பழைய சீரிஸ் 40 போன்களில் 64 கேபிக்கு மேல் ஜார் (கேமின் பொதி) ஏறாது என்பதால் வண்ணங்களை ஒவ்வொன்றாகக் குறைத்து, ராத்திரி டீக்கடையில் போய் நின்றால் அங்கேயும் கிலோபைட் கணக்குதான். அப்போது ஒரு கேமில் திரையின் அடியில் வெள்ளைப் பட்டை ஒன்று விழுந்து மூன்று நாள் நம்மைப் படுத்தியது. முழுத்திரை மோடுக்குப் போகச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே உயரத்தைக் கேட்டிருந்தோம். போன் இன்னும் முழுத்திரைக்குப் போயிருக்கவில்லை, அதனால் தலைப்புப் பட்டை போக மிச்சமிருந்த பழைய உயரத்தைச் சொல்லிவிட்டது. உண்மையான அளவு கொஞ்சம் பொறுத்து சைஸ்சேஞ்ச்டு என்ற அழைப்பில் தானே வரும் என்பதைக் கண்டுபிடித்தது நீதான். அன்றைக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்தது நான்.

அதே தப்பைத்தான் இப்போது ஆண்ட்ராய்டில் செய்திருக்கிறாய், மாப்ளே. ஆப் திறக்கும்போது முதலில் ஓடுகிற ஆன்கிரியேட்டில் படப்பெட்டியின், அதாவது சேலைப் படம் வந்து உட்காரும் இடத்தின், அகலத்தைக் கேட்டால் பூஜ்யம் வருகிறது என்று எழுதியிருந்தாய். வரத்தான் செய்யும், அந்தப் பெட்டியை இன்னும் யாரும் அளந்து வைக்கவில்லையே. பூஜ்யம் வருகிறது என்பதற்காக முழுத் திரையின் அகலத்தை எடுத்து இரண்டால் வகுத்துப் போட்டாய் பார், அங்கேதான் தடம் மாறிவிட்டாய்.

திரை உன்னுடையது அல்ல. ஆண்ட்ராய்டு 7 வந்த 2016-லிருந்து பயனர் திரையை இரண்டாகப் பிரித்து மேலே யூடியூப், கீழே உன் சேலைக் கடை என்று வைத்துக்கொள்ளலாம். மடிக்கிற போனில் பாதியில் விரித்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அகலம் மாறும். மேலே கேமராவுக்கு ஓட்டை, கீழே நேவிகேஷன் பட்டை, இதையெல்லாம் சேர்த்ததா கழித்ததா என்பதில் நீ கூப்பிடும் ஃபங்ஷனைப் பொறுத்துப் பதில் மாறும். திரை அளவைக் கேட்க நீ எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிற கெட்டீஃபால்ட்டிஸ்ப்ளே வகையறாவை ஆண்ட்ராய்டு 11-லேயே பழசு என்று ஒதுக்கிவிட்டார்கள், அதற்குப் பதிலாக விண்டோமெட்ரிக்ஸ் என்று வந்தது. பெயரைக் கவனி, திரை இல்லை, ஜன்னல். ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைத்துக் கட்டினால் உன் ஜன்னல் அந்தப் பட்டைகளுக்கு அடியிலும் ஓடும். இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதுதான், ஆனால் உனக்குத் தேவையே இல்லை. சேலைப் படத்துக்கு வேண்டியது அந்தப் படப்பெட்டியின் அளவு, அவ்வளவுதான். அதன் ஆன்சைஸ்சேஞ்ச்டில் அல்லது டூஆன்லேஅவுட்டில் கேள். அளந்து முடித்த பிறகு அதுவே சொல்லும்.

டிபி, அதாவது எந்த அடர்த்தித் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிய வைக்கிற அளவுகோல், அதைப் பற்றியும் குழப்பிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிகிறது. 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போன், ஜி1, அதன் திரை 320க்கு 480. அந்த ரகத்தை ஒரு அங்குலத்துக்கு 160 புள்ளி என்று அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். அங்கே ஒரு டிபி என்றால் ஒரு பிக்சல். அடர்த்தி 240 என்றால் ஒரு டிபிக்கு ஒன்றரை பிக்சல், 320-க்கு இரண்டு, 480-க்கு மூன்று, 640-க்கு நான்கு. இதில் ஆளை ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. இரண்டு போனிலும் அகலம் 1080 பிக்சல்தான் என்றாலும், ஒன்று தன் அடர்த்தியை 480 என்று சொன்னால் அது 360 டிபி அகலம், 420 என்று சொன்னால் 411 டிபி. அதோடு விட்டதா என்றால் இல்லை. நான் போன வருடம் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டேன். போட்ட கையோடு செட்டிங்கில் போய் டிஸ்ப்ளே அளவையும் எழுத்தளவையும் தாராளமாகக் கூட்டிவிட்டேன். டிஸ்ப்ளே அளவைக் கூட்டினால் அடர்த்தி எண் ஏறும், டிபி அகலம் குறையும். 1080 பிக்சல் திரையில் அது 540 வரை ஏறினால் கையில் மிஞ்சுவது 320 டிபிதான். நானே எழுதிய ஆப்பில் "கட்டணம் செலுத்து" என்ற பொத்தான் "கட்டணம் செ" என்று நின்றுவிட்டது. தமிழில் வார்த்தைகள் நீளம், அதற்கு மேல் பொத்தானின் அகலத்தை டிபியில் அடித்து இறுக்கியிருந்தேன். எழுத்துக்கு, பயனர் வைத்த எழுத்தளவுக்கு ஏற்ப மாறுகிற எஸ்பி போடு, பொத்தானை உள்ளடக்கத்துக்கு ஏற்ப விரிய விடு. உயரத்தையும் இறுக்காதே, கீ, ழு எல்லாம் தலையோ காலோ வெட்டுப்பட்டு நிற்கும்.

இனி அந்த மூடிக்கொள்கிற கதை. சோதனை பார்த்தபோது மச்சான் வாட்ஸாப்பில் அனுப்பிய படங்களை வைத்துப் பார்த்தாய், அவை சுருங்கி வந்தவை. கடையில் அவர் கேமராவில் எடுத்த படங்களை நேராக ஏற்றியிருக்கிறார். 12 மெகாபிக்சல் கேமரா, 3000க்கு 4000. ஃபைல் மூன்று நாலு எம்பிதானே என்கிறாய். அது அழுத்திக் கட்டிய பஞ்சு மூட்டை, அவிழ்த்தால் அறை முழுக்கப் பரவும். திரையில் காட்ட அதை பிட்மேப்பாக, அதாவது பிக்சல் பிக்சலாக, நினைவகத்தில் விரிக்கும்போது ஒரு பிக்சலுக்கு நான்கு பைட், 12 மில்லியன் பிக்சலுக்கு 48 எம்பி. ஃபைல் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பத்து சேலையைப் பட்டியலில் விரித்தால் 480 எம்பி. ஜி1 காலத்தில் ஒரு ஆப்புக்கு மொத்தமே 16 எம்பி கொடுத்தார்கள் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார். மச்சானுடையது ஆண்ட்ராய்டு 7 என்று எழுதியிருந்தாய். 3-லிருந்து 7 வரை படத்தின் பிக்சல்கள் ஆப்புக்கென்று வரம்பு போட்டு ஒதுக்கிய நினைவகமான ஜாவா ஹீப்பிலேயே உட்காரும், வரம்பைத் தாண்டிய நிமிஷம் அவுட் ஆஃப் மெமரி என்று ஆப் விழும். 8-லிருந்து அவை அதற்கு வெளியே, நேட்டிவ் பக்கம் போய்விட்டன. அதனால் உன் புதுப் போன் உடனே விழவில்லை, திணறித் திணறி ஓடுகிறது. ஓடுகிறது என்று நம்பாதே, நினைவகம் தீர்ந்தால் சிஸ்டமே ஆப்பைக் கொன்றுவிடும், அதற்கு உருப்படியான பிழைச் செய்தி கூட வராது. ஹீப்பைப் பெரிதாகக் கேட்கிற லார்ஜ்ஹீப் என்று மேனிஃபெஸ்டில் ஒரு வரி போட்டால் தீரும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. வீடு ஒழுகினால் பெரிய வாளி வாங்குகிற வேலை அது.

செய்ய வேண்டியது இது. முதலில் படத்தை விரிக்காமல் அளவை மட்டும் கேள்: பிட்மேப்ஃபேக்டரி ஆப்ஷன்ஸில் இன்ஜஸ்ட்டிகோட்பவுண்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதை ட்ரூ என்று வைத்தால் அகலம் உயரம் மட்டும் வரும், பிக்சல் எதுவும் வராது. இன்னொரு பக்கம் படப்பெட்டி தன் அளவைச் சொல்லும், 1080 பிக்சல் திரையில் இரண்டு சேலை ஒரு வரிசையில் என்றால் ஏறக்குறைய 540 பிக்சல். பிறகு, எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்கி விரிப்பது என்று சொல்கிற இன்சாம்பிள்சைஸ். இரண்டு என்றால் அகலமும் உயரமும் பாதி, நான்கு என்றால் கால். இரண்டின் அடுக்குகளை மட்டும்தான் மதிக்கும், ஐந்து என்று கொடுத்தாலும் நான்காகவே எடுத்துக்கொள்ளும். உனக்கு நான்கு சரி: 750க்கு 1000, மூன்றே எம்பி. எட்டு போட்டால் 375, பெட்டியை விடச் சிறியது, மங்கும். கேட்ட அளவுக்குக் கீழே போகாத மிகப் பெரிய அடுக்கு எதுவோ அதை எடு. 48 எங்கே, 3 எங்கே!

க்ளைடு, காயில் மாதிரி ஒரு லைப்ரரி போட்டால் இதையெல்லாம் அதுவே செய்யும், பெட்டியின் அளவைக் கேட்டு அதற்குத் தக்கபடிதான் விரிக்கும். போட்டுக்கொள், வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போடு, ஏனென்றால் உன் சரக்கு சுங்குடி. வேறு சேலையாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். உடம்பு முழுக்கப் பொடிப் பொடிப் புள்ளி, அதைத் தப்பாகச் சுருக்கினால் பாதிப் புள்ளி காணாமல் போகும், அல்லது இல்லாத ஒரு அலை வடிவம் துணி மேல் ஓடும். பெரிய படத்தை ஒரே அடியில் ஐந்தில் ஒரு பங்காக்கும்போது நடுவிலிருக்கும் பிக்சல்களைத் தாண்டிக் குதித்து எடுப்பதால் வருகிற வினை. ஜேபெக் படத்தை இன்சாம்பிள்சைஸ் சுருக்கும்போது பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துப் பார்த்துக் குறைக்கிறது, அதனால் பெரும்பகுதியை அதைக்கொண்டே முடி. மிச்சத்தை கிரியேட்ஸ்கேல்டுபிட்மேப்பில் செய். கடைசியில் ஃபில்டர் என்று ஒன்று கேட்கும், அதற்கு ஃபால்ஸ் கொடுத்திருக்கிறாய். ட்ரூ கொடு. நீ அனுப்பிய படத்தில் மெரூன் சேலை ஜல்லடை மாதிரி தெரிந்ததற்கு எனக்கு இதுதான் சந்தேகம்.

நினைவகத்தை மிச்சம் பிடிக்க, நிறங்களைக் குறைத்து வைக்கிற ஆர்ஜிபி 565 போட்டுப் பார்த்தேன், பாதியாகக் குறைகிறது என்று எழுதியிருந்தாய். குறையும், பிக்சலுக்கு இரண்டே பைட். ஆனால் மொத்தம் 65,536 நிறம்தான் கையில், நீலத்திலிருந்து வெளிர்நீலத்துக்குப் போகிற இடம் பட்டை பட்டையாகத் தெரியும். நிறம் பார்த்து வாங்குகிற சரக்குக்கு அது கட்டுப்படியாகாது.

வாடிக்கையாளர் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார்களே, அதற்கு என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். கட்டாயம் பார்ப்பார்கள், கையில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புள்ளியா, அச்சடித்ததா என்று பார்க்காமல் யார் காசு கொடுப்பார்கள்? கையால் கட்டியதில் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது, அது தெரிந்தால்தான் மச்சான் சொல்கிற விலை நிற்கும். அதற்கும் முழுப் படத்தை விரிக்காதே. பிட்மேப்ரீஜன்டிகோடர் என்று ஒன்று, படத்தில் எந்தச் சதுரம் கண்ணில் படுகிறதோ அதை மட்டும் முழுத் துல்லியத்தில் விரித்துக் கொடுக்கும். கடையில் முந்தியை மட்டும் பிரித்துக் காட்டுவார்களே, அது மாதிரி. அப்புறம் சில சேலை படுத்துக்கொண்டு தெரிந்தது: படம் எடுத்தபோது போன் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது படத்தோடு சேர்ந்து வரும் எக்சிஃப் குறிப்பில் இருக்கும், பிட்மேப்ஃபேக்டரி அதைக் கண்டுகொள்ளாது, நீதான் படித்துத் திருப்ப வேண்டும். 90 டிகிரி என்றால் அகலமும் உயரமும் இடம் மாறும், இன்சாம்பிள்சைஸ் கணக்குப் போடும் முன்னாலேயே அதைப் பார்த்துவிடு.

இவ்வளவு பேசுகிற நான் போன தீபாவளிக்கு அடி வாங்கிய கதையையும் கேள். ஒரு ஆப்புக்கு முகப்புப் படம், 1080க்கு 1920, அழகாக இருந்தது. அதை டிராயபிள் என்ற வெறும் ஃபோல்டரில் போட்டுவிட்டேன். அடர்த்தி எதுவும் எழுதாத ஃபோல்டரில் கிடப்பதை ஆண்ட்ராய்டு 160-க்கான படம் என்றே எடுத்துக்கொள்ளும். என் போன் 480, அதனால் தானே மூன்று மடங்கு பெரிதாக்கியிருக்கிறது: 3240க்கு 5760, 74 எம்பிக்கு மேல். ஓடியது, ஆரம்பிக்க ஒரு விநாடி கூடுதலாக எடுத்தது, நான் கண்டுகொள்ளவில்லை. வாடிக்கையாளரின் முதலாளி வைத்திருந்தது 640 அடர்த்தியுள்ள போன். அங்கே நான்கு மடங்கு, 4320க்கு 7680. திறந்த உடனே விழுந்தது, ஆப்பின் பிழைப் பதிவான லாகில் 132710400 பைட் பிட்மேப்பை வரைய முடியாது என்று ஒரு வரி. அந்தப் போனில் படம் வரைகிற கேன்வாஸின் வரம்பு 100 எம்பி. ஒரு நாள் முழுக்க நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் படத்தை, அடர்த்திக்கு ஏற்ப எதையும் பெரிதாக்காத டிராயபிள் நோடிபிஐ ஃபோல்டருக்கு நகர்த்தினேன், கோடில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை, 8 எம்பியில் முடிந்தது. உன் கடை லோகோவும் அந்த வெறும் ஃபோல்டரில்தான் கிடக்கிறது, பார்த்தேன். லோகோவை வெக்டராக, அதாவது பிக்சலாக இல்லாமல் கோடுகளாக, மாற்றிவிடு, பட்டன் படங்களையும்தான். அதன் பிறகு எந்த அடர்த்தி வந்தாலும் கவலை இல்லை.

மாற்றியதும் உன் புதுப் போனில் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடாதே. மச்சான் போனில் ஓட்டு, எழுத்தளவைக் கடைசி வரை ஏற்றிவிட்டு ஓட்டு, திரையைப் பிரித்துவைத்து ஓட்டு. மறுபடி விழுந்தால் லாகை அப்படியே அனுப்பு, ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

அந்த மெரூன் சேலை ஜல்லடை இல்லை என்பது உறுதியானதும் சரியான படத்தை என் வீட்டுக்காரி நம்பருக்கு அனுப்பு, அவளுக்குப் பிடித்திருந்தால் எடுத்து வைக்கச் சொல்கிறேன். மச்சானிடம் இப்போதே சொல்லிவை, ஆப்புக்கு ஆலோசனை சொன்ன கூலியை விலையில் கழித்துக்கொள்வேன்.

உன்,
பாஸ்கர்