புது எஞ்சின் இறுக்கமாக இருப்பது குறையல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதிரி விமானம் பறக்கவிடும் மாணவர்களுக்காகத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், புதிய எஞ்சின் எதுவானாலும் எரிபொருளை மிகுதியாக விட்டு, மெதுவாக, நெடுநேரம் ஓட்டிப் பழக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. வார்ப்பிரும்பு பிஸ்டனும் எஃகு லைனரும் (பிஸ்டன் ஏறி இறங்கும் உட்குழாய்) கொண்ட பழைய எஞ்சின்களுக்கும், பிஸ்டனில் ரிங் உள்ளவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் மாணவர்கள் கையில் இருக்கும் சிறிய க்ளோ எஞ்சின்களில் (பிளக்கில் கனலும் கம்பிச்சுருளால் எரிபொருளைப் பற்றவைப்பவை) பல ஏ.பி.சி. வகை. அவற்றை இப்படி ஓட்டினால் கெட்டுப்போகும் என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அலுமினிய பிஸ்டன், பித்தளை லைனர், லைனரின் உட்புறத்தில் குரோமியப் பூச்சு என்பதே ஏ.பி.சி. இந்த லைனரின் உள்விட்டம் மேலே போகப்போகச் சற்றுக் குறுகும். ஆகவே குளிர்ந்த நிலையில் புரொப்பல்லரைக் கையால் சுற்றினால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிடித்துக்கொள்ளும். சில எஞ்சின்களில் கீச்சென்ற ஒலியும் கேட்கும். பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்பவர்கள் உண்டு. உண்மையில், எஞ்சின் சூடேறி லைனரின் மேற்பகுதி விரிந்த பிறகு பிஸ்டன் சரியாகப் பொருந்த வேண்டும் என்றே அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. எரிபொருள் மிகுந்து எஞ்சின் சூடேறாமலே ஓடினால், அந்தக் குறுகிய இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் நெருக்கப்பட்டு, அழுத்தத்தைக் காக்கும் பொருத்தமே தேய்ந்துவிடும். பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் வீணாக அடி வாங்கும்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்முன் முடி உலர்த்தியால் சிலிண்டர் தலைப்பகுதியைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கினால் இறுக்கம் கணிசமாகத் தளரும். அதன் பிறகும் புரொப்பல்லர் நகராமல் நின்றால், எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரை வைத்து அழுத்தவே கூடாது. க்ளோ பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். எரிபொருள் பீறிட்டு வெளியே வந்து புரொப்பல்லர் எளிதாகச் சுழன்றால், தடுத்தது இறுக்கமன்று, உள்ளே தேங்கிய எரிபொருள்தான். திரவம் அழுந்திச் சுருங்காது. அந்நிலையில் வற்புறுத்தினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வழக்கமாக 10×6 புரொப்பல்லர் (முதல் எண் விட்டம், அடுத்தது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், இரண்டும் அங்குலத்தில்) மாட்டும் 6.5 சி.சி. எஞ்சினுக்கு, பழக்கும்போது 9×6 போதும். சுமை குறைவதால் எளிதாக வேகம் பிடிக்கும். எரிபொருள் சற்று மிகுதியாக இருக்க ஸ்டார்ட் செய்து, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கும் கரகரத்த ஒலி மாறி, ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும் சீரான ஒலி வரும்வரை, எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வை மெல்ல மூட வேண்டும். அந்த எல்லையை ஒட்டி, எரிபொருள் சற்று மிகுந்த பக்கத்திலேயே இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி, முழுதாக ஆறவிட்டு, மீண்டும் ஓட்ட வேண்டும். சூடேறுவதும் ஆறுவதும் மாறிமாறி நடந்தால்தான் பாகங்கள் ஒன்றோடொன்று இணங்கும். ஆறும் நேரத்தில் பொறுமை இழப்பவர்களே அதிகம்.

எரிபொருளில் எண்ணெய் 18 முதல் 20 சதவீதம் வரை இருக்கட்டும். அதில் ஒரு பகுதி ஆமணக்கெண்ணெயாக இருப்பது நல்லது. செயற்கை எண்ணெய் கைவிடும் சூட்டிலும் அதன் படலம் உலோகத்தைக் காக்கும். மளிகைக் கடை விளக்கெண்ணெயை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். எஞ்சினுக்கென்று சுத்திகரித்ததே தேவை.

பாதுகாப்பு பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது. ஓடும் எஞ்சினின் ஊசி வால்வைப் புரொப்பல்லருக்குப் பின்புறம் நின்றே திருப்ப வேண்டும். அது சுழலும் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. இந்த எரிபொருளில் உள்ள மெத்தனால் நஞ்சு, அது தீப்பற்றினால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. பள்ளி மாணவர்கள் பெரியவர் ஒருவர் உடனிருக்கவே இதைச் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து, இத்திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாதிரி விமானப் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்.