பலகையை இறுக்கி மூடாதே, கண்ணு

கண்ணுக்கு அப்பா எழுதுவது.

நலம்தானே? மருமகளும் குட்டியும் சுகமா? இங்கே நானும் உங்கம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. சோளத்தட்டுப் போர் போட்டாயிற்று. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. வேறு சேதி இல்லை.

நீ அனுப்பின டிரெய்லர் போட்டோவைப் பார்த்ததிலிருந்து அந்த வண்டியின் தரைப் பலகை நினைப்பாகவே இருக்கிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். வண்டி பழசு, பலகை மட்டும் புதுசு. லேசாகப் பச்சை ஓடியிருக்கிறது, அதனால் இற்றுப்போகாமலிருக்க மருந்து ஏற்றின பைன் மரம்தான். நீயே அறுத்துப் போட்டாயா? அப்படியென்றால் கை நல்ல கை. முனையெல்லாம் ஒரே நேர்க்கோட்டில் நிற்கிறது. பள்ளிக்கூட லீவில் பட்டறைக்கு வந்து ரம்பம் பிடித்தது வீண் போகவில்லை. திருச்செங்கோட்டில் எத்தனை லாரிக்குப் பாடி கட்டியிருப்பேன், எத்தனை பையன்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்திருப்பேன். இவ்வளவு சுத்தமாக அறுக்கிறவர்கள் சில பேர்தான்.

ஆனால் அறுத்த முனையை வெள்ளையாக அப்படியே விட்டிருக்கிறாயே, அது கூடாது. மருந்து பலகையின் நடு வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்காது. அறுத்தால் உள்ளே இருக்கிற மருந்து ஏறாத மரம் வெளியே வந்துவிடும். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து தண்ணீர் ஏறின குழாய்களெல்லாம் அந்த வெட்டுமுகத்தில்தான் திறந்து கிடக்கின்றன. மேல்முகம் குடிக்கிறதைவிடப் பல மடங்கு தண்ணீரை முனை குடிக்கும். நம் ஊர் லாரியிலும் பலகை முதலில் இற்றுப்போவது முனையில்தான். அறுத்த முனைக்கென்றே காப்பர் நாப்தனேட் என்று ஒரு மருந்து அங்கே மரக்கடையில் விற்கிறது. அதை நன்றாகக் குடிக்கவிட்டு இரண்டு தரம் பூசு. ஸ்க்ரூவுக்காகப் போட்ட ஓட்டைக்குள்ளும் விடு.

இந்த மாதிரி மர மருந்துகளில் பேர்போன ஒன்று நம் நாட்டில் ஒருவர் கண்டதுதான், தெரியுமா? டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சொண்டி காமேசம், 1933-ல். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து மரத்துக்குள் நிற்கிற மாதிரி செய்தார். உலகம் முழுக்க மின்கம்பத்துக்கும் வேலிக்காலுக்கும் அதுதான் போயிற்று. ஆர்சனிக் விஷம் என்பதால் உங்கள் அமெரிக்கா பக்கம் 2004-லிருந்து வீட்டு மரத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது வருகிற மருந்தில் தாமிரம் கூடுதல். அங்கேதான் உனக்குச் சிக்கல். தாமிரம் ஏறின மரம் ஈரமாக இருந்தால் சாதா இரும்பு ஸ்க்ரூவை அரித்துவிடும். மேலே பார்த்தால் தலை பளபளவென்று இருக்கும், உள்ளே தண்டு தேய்ந்து போயிருக்கும். துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஸ்க்ரூ போடு, இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடு. மேலோட்டமாக முலாம் பூசினது வேண்டாம். விலை பார்க்காதே.

விலை பார்க்காதே என்று சும்மா சொல்லவில்லை.

அந்தப் போட்டோவில் பலகை மேல் புல் வெட்டுகிற மிஷின் இருந்தது. மண்வெட்டியும் இலை வாருகிற சீப்பும் சாய்த்து வைத்திருந்தாய். போட்டோ வந்தது புதன்கிழமை. உன் பின்னால் நல்ல வெயில், மத்தியான வெயில். நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் பார்த்தாள், அவளும் கேட்கவில்லை. "லீவு போட்டிருப்பானுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். போன் செய்தால் மருமகள் எடுத்து, "அவர் வெளிய போயிருக்கார் மாமா" என்கிறாள். ஆடியிலிருந்து இதையேதான் சொல்கிறாள். அந்தப் பிள்ளையைப் போய் இதில் மாட்டவைக்கிறாயே.

சரி, பலகைக்கு வருகிறேன். புதுப் பலகை உள்ளே ஈரமாக இருக்கும். உடனே எண்ணெய் பூசினால் இறங்காது. கையால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார். முத்து முத்தாக நின்றால் இன்னும் பொறு. உறிஞ்சிக்கொண்டால் பூசலாம். வார்னிஷ் மட்டும் பூசாதே. பளபளப்பாகத்தான் இருக்கும், ஆனால் மிஷினை ஏற்றி இறக்கும்போது தோல் கீறும், கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும். மரத்துக்குள் இறங்குகிற எண்ணெய்தான் இதற்குச் சரி. அடியிலும் பூசு. எல்லோரும் மேலே மட்டும் பூசுவார்கள். பனி விழுவதற்குள் முடித்துவிடு, குளிரில் எண்ணெய் காயாது. நம் ஊரில் பழைய என்ஜின் ஆயிலை அடிப்பார்கள், நீ அடிக்காதே. மழையில் கழுவிக்கொண்டு மண்ணுக்குள் போகும், காலும் வழுக்கும்.

ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன், இதை மறந்துவிடாதே. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. அந்த எண்ணெய் காற்றுப் பட்டுக் காயும்போது சூடு கிளம்பும். குவிந்து கிடக்கிற துணி தானாகவே பற்றிக்கொள்ளும், நெருப்பு வைக்கவே வேண்டாம். ஒவ்வொரு துணியாக விரித்து வெளியில் காயப்போடு, இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வை. உன் கராஜுக்கு மேல்தானே குட்டி தூங்குகிற அறை.

அடுத்தது தார்ப்பாய். போட்டோவின் ஓரத்தில் நீலத் தார்ப்பாய் மடித்து வைத்திருந்தாய். அதைப் பலகையோடு ஒட்டி இறுக்கிக் கட்டாதே. பட்டறைக்கு ஒரு முறை ஒரு லாரி வந்தது. ஓனர் நல்ல மனிதர், வண்டியைக் கண்ணாக வைத்திருந்தவர். ஓட்டம் இல்லாத மாசங்களில் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி வைத்திருந்தார். அவிழ்த்துப் பார்த்தால் மேலே ஒரு கீறல் கிடையாது, பெயின்ட்கூட அப்படியே இருந்தது. நான் அடியில் படுத்து, பலகை குறுக்குச் சட்டத்தின் மேல் உட்கார்கிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். வெண்ணெயில் இறங்கின மாதிரி பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. பூஞ்சை தின்று, பலகை ஈரத் தூளாக இருந்தது. மழை உள்ளே போகவில்லை. உள்ளே இருந்த ஈரம் வெளியே போகவில்லை, அவ்வளவுதான். மரத்தில் ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே நின்றால் பூஞ்சை வராது. அதற்குக் காற்று வேண்டும். நடுவில் ஒரு குழாயைத் தூக்கிக் கட்டி, கூடாரம் மாதிரி இரண்டு பக்கமும் திறந்து போடு. திறந்து போடு, இறுக்கிக் கட்டாதே. இரண்டு தரம் எழுதுகிறேன் என்று நினைக்காதே. அந்த ஓனர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டிருக்கலாமுங்க" என்றார்.

வண்டியை நிறுத்தும்போது முன்பக்கத்துக்குக் கீழே கட்டை கொடுத்துச் சற்றுத் தூக்கி வை, தண்ணீர் பின்னால் ஓடிவிடும். நாங்கள் அங்கே வந்திருந்த குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டிக்கொண்டு போகிற வண்டியைப் பார்த்து அம்மா ஆச்சரியப்பட்டாளே, அந்த உப்பு ஸ்க்ரூவையும் சட்டத்தையும் தின்னும். வெயில் அடித்துப் பனி உருகுகிற நாளில் அடிப்பக்கம் வரை கழுவிவிட்டுக் காயவிடு. மிஷினை ஏற்றினால் பாரம் அச்சுக்கு முன்னால் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். பின்னால் கூடினால் வேகத்தில் வண்டி அலையும்.

புல் வெட்டுகிறதில் கேவலம் ஒன்றும் இல்லை. என்னைப் பெற்றவர், உங்கப்பாரு, மாட்டு வண்டியில் பருத்தி ஏற்றிப் பிழைத்தவர். நான் மரத்தூளில் உன்னைப் படிக்கவைத்தேன். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஆட்களை நிறுத்துகிறார்கள் என்று டிவியிலும் சொல்கிறான், ரைஸ்மில் மாமா பையனுக்கும் அப்படித்தான் ஆயிற்று. அவன் வந்த அன்றைக்கே அப்பனிடம் சொல்லிவிட்டான். பலகை அறுத்து டிரெய்லர் கட்டத் தெரிந்த பையனுக்கு, அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா? கோபித்துக்கொண்டு எழுதவில்லை கண்ணு. நடந்தது எதுவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, குறுக்குச் சட்டத்துக்குப் பக்கத்தில் நன்றாகத் தெரியும்படி. உனக்கு எந்த நேரம் தோதோ அந்த நேரத்தில் கூப்பிடு, எனக்கு ராத்திரி இரண்டு மணியானாலும் சரி. இங்கத்திய வீட்டு லோன் தவணையை இந்த மாசம் நான் கட்டிவிட்டேன், பேங்கில் பேசி வருகிற தை வரைக்கும் என் கணக்கிலிருந்தே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ அனுப்பாதே. அந்தப் பணத்தில் முதலில் நல்ல ஸ்க்ரூ வாங்கு.

அன்புடன்,
அப்பா