ரம்பம் இல்லாத கப்பல்

கடலூர் முதுநகர்,
மே 5

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகளைக் கரையேற்றிவிட்டார்கள். எனக்கு எஞ்சின் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. சின்னவளுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அடித்ததும் புதுச்சேரிக்கு நேரில் வருகிறேன்.

உன் பேரன் வரைந்து அனுப்பிய பனி உடைக்கும் கப்பலைப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், பெரிய ரம்பம் வைத்திருக்கிறான். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அது அறுப்பதே இல்லை, செல்வம். அணியத்தின் அடிப்பக்கம் சரிவாக, கரண்டி முதுகு போல இருக்கும். பின்னாலிருந்து எஞ்சின் தள்ளத் தள்ள, கப்பல் பனிமேல் ஏறி உட்காரும். அந்தப் பாரத்தில் பனி வளைந்து ஒடிந்துவிடும். பனிக்கட்டியை நசுக்குவதுதான் கஷ்டம், வளைத்து ஒடிப்பது சுலபம். ஐஸ் பாரை மேடை விளிம்புக்கு வெளியே நீட்டி ஓங்கித் தட்டினால் இரண்டாகிவிடும். அதையே பொடியாக்க மெஷின் வேண்டியிருக்கிறதே!

1898-ல் ரஷ்ய அட்மிரல் மகாரோவின் யோசனைப்படி இங்கிலாந்தின் நியூகாசிலில் கட்டிய யெர்மாக் கப்பல் இப்படித்தான் உடைத்தது. 2020-ல் சேவைக்கு வந்த ரஷ்ய அணுசக்திக் கப்பல் ஆர்க்டிகாவும் அப்படித்தான். 173 மீட்டர் நீளம், ஏறக்குறைய 3 மீட்டர் கனப் பனியை உடைக்கும்.

என்னை மயக்கியது அதன் எஞ்சின் அறைதான். அணு உலை நீராவியைத் தருகிறது, நீராவியால் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள், ப்ரொப்பெல்லரைச் சுழற்றுவது மின்மோட்டார். ஏன் இத்தனை சுற்று? ப்ரொப்பெல்லரில் வலை சிக்கினால் நம் படகு எஞ்சின் திணறி அணைந்துபோகும் அல்லவா? அங்கே சிக்குவது பாறை மாதிரிப் பனிக்கட்டி. மோட்டார் மெதுவாகச் சுற்றும்போதும் முழு முறுக்குவிசை தரும், அணையாது. இதை யோசித்தவர்களின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

கப்பலே பனியில் மாட்டிக்கொண்டால் இரு பக்கத் தொட்டிகளுக்கிடையே தண்ணீரை மாற்றி மாற்றி இறைத்து, உடம்பை ஆட்டி விடுவித்துக்கொள்ளும். உருண்ட வயிறு என்பதால் திறந்த கடலில் தொட்டில் மாதிரி உருளும், பாவம் மாலுமிகள்.

தடை ஜூன் 14 வரை. அதற்குள் பேரனைக் கூட்டி வா. படகுகளின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கட்டும். அப்புறம் கப்பலை மறுபடி வரையச் சொல், பழைய படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டுகிறேன்.

அன்புடன்,
மாணிக்கம்